முகச் சுருக்கத்தை நீக்கிய பெண் டாக்டர்

வயது ஏறினால் முகத்தில் சுருக்கம் விழும். கன்னம் தொங்கும். கழுத்துத் தோல் மடியும். இது இயற்கை.

வயதாகிவிட்டது, இனி என்ன என்று பலர் பேசாமல் இருந்து விடுகிறார்கள். சிலருக்கு மனம் ஒப்புவது இல்லை. கண்ணாடியைப் பார்க்கும்போது எல்லாம் கவலைப்படுகிறார்கள்.

இந்தச் சுருக்கத்தைக் குறைக்க ஓர் ஆபரேஷன் இருக்கிறது. காது ஓரமாகக் கீறி, தொங்கிப் போன தோலையும் தசையையும் மேலே தூக்குகிறார்கள். மிஞ்சிய தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைக்கிறார்கள். இதற்கு பேஸ்-லிப்ட் என்று பெயர். நம் நாட்டின் பெரிய நகரங்களிலும் இது நடக்கிறது.

இந்த ஆபரேஷன் நேற்று வந்தது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் நகரில் ஒரு பெண் டாக்டர் இதைச் செய்தார். அதில் பெரும் புகழ் பெற்றார். அவர் பெயர் சூசான் நோயெல்.

மற்றவர்கள் முகத்தில் இருந்த கவலைக் கோடுகளை நீக்கியவர் அவர். ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கையில் வந்த கவலைகள் கொஞ்சம் அல்ல!

லான் நகரத்துப் பெண்

பிரான்சு நாட்டின் வடக்கே லான் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1878-ம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ந்தேதி சூசான் பிறந்தார். வசதியான குடும்பம்.

அந்தக் காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பெண்களை வேலைக்கு அனுப்புவது இல்லை. கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் தையல். பிறகு கல்யாணம். அவ்வளவுதான்.

சூசானுக்கும் 1897-ல் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 19. மாப்பிள்ளை பெயர் ஹென்றி பெர்த்தா. தோல் நோய் டாக்டர். கணவனும் மனைவியும் பாரிசில் குடியேறினார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். சூசானின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மனைவி மாணவி ஆனார்

கணவர் நோயாளிகளைப் பார்ப்பதை சூசான் தினமும் கவனித்தார். தானும் டாக்டர் ஆகவேண்டும் என்ற ஆசை பிறந்தது.

ஆனால் அன்றைய பிரெஞ்சுச் சட்டம் பொல்லாதது. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி ஒரு தொழிலைச் செய்ய முடியாது. இந்த விதி 1965-ம் ஆண்டு வரையில் நீடித்தது!

ஹென்றி பெர்த்தா தடை சொல்லவில்லை. சூசான் முதலில் பள்ளி இறுதித் தேர்வை எழுதித் தேறினார். 1905-ம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

1908-ல் பெண் குழந்தை பிறந்தது. ஜாக்குலின் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை வந்துவிட்டதே என்று அவர் படிப்பை விடவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார்.

அவருக்கு வாய்த்த குரு பெரிய நிபுணர். பெயர் மோரெஸ்தேன். மார்த்தினிக் தீவில் பிறந்தவர். 1902-ல் அந்தத் தீவில் எரிமலை வெடித்தது. அதில் உறவினர் பலரை அவர் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை மனதில் அடக்கிக்கொண்டு, பிறர் துயரத்தைத் தீர்ப்பதில் காலம் கழித்தார்.

ஆபரேஷன் செய்த தழும்பு வெளியே தெரியக் கூடாது. அதை முடிக்குள்ளும் தோல் மடிப்பிலும் மறைத்துவிட வேண்டும். இந்தக் கலையில் மோரெஸ்தேன் வல்லவர். சூசான் அதை அருகில் இருந்து கற்றுக்கொண்டார்.

நடிகை தந்த யோசனை

1912-ம் ஆண்டு. சாரா பெர்னார்ட் என்ற நடிகை அமெரிக்காவில் சுற்றுப்பயணம் முடித்துவிட்டு பாரிசுக்குத் திரும்பினார்.

சாரா உலகப் புகழ் பெற்ற நடிகை. அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். ஆனால் முகம் இளமையாக மாறியிருந்தது! அமெரிக்காவில் அவர் ஓர் ஆபரேஷன் செய்துகொண்டார் என்ற செய்தி பரவியது. தலைமுடிக்குள் ஒரு துண்டுத் தோலை வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள். அதனால் நெற்றியும் கண் ஓரமும் தெளிந்தன. ஆனால் கன்னமும் தாடையும் அப்படியே இருந்தன.

இந்த விஷயம் சூசானின் மனதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் கண்ணாடி முன் நின்றார். தன் முகத்துத் தோலையே விரலால் கிள்ளிப் பார்த்தார். இந்த இடத்தில் இழுத்தால் கன்னம் எப்படி மாறுகிறது? அந்த இடத்தில் இழுத்தால் தாடை எப்படி மாறுகிறது? இப்படியே சோதித்தார்.

உடனே மனிதர் மேல் கத்தியை வைத்துவிடவில்லை. முயல்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, அவற்றின் தோலில் வெட்டவும் தைக்கவும் பழகினார். அதன் பிறகே மனிதருக்குச் செய்யத் துணிந்தார்.

சுருக்க நீக்க ஆபரேஷனை முதன் முதலில் செய்தவர் அவர் அல்ல. 1901-ல் பெர்லினில் ஹாலண்டர் என்ற டாக்டர் ஒரு சீமாட்டிக்குச் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் டாக்டர்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள். நோய் இல்லாத உடம்பில் கத்தி வைப்பது இழிவான வேலை என்று நினைத்தார்கள். சூசான் வெட்கப்படவில்லை. செய்ததை எழுதி வைத்தார். படம் எடுத்து வைத்தார்.

சிதைந்த முகங்கள்

1914-ல் முதலாவது உலகப்போர் மூண்டது.

அது பதுங்கு குழிச் சண்டை. சிப்பாய்கள் குழிக்குள் நின்றபடி சண்டை போட்டார்கள். தலையைத் தூக்கினால் குண்டு முகத்தில் பாய்ந்தது. மூக்கு போனவர்கள், தாடை போனவர்கள், ஒரு பக்கத்துக் கன்னமே போனவர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

அவர்கள் கண்ணாடியைப் பார்க்க அஞ்சினார்கள். பெற்ற குழந்தைகளே அவர்களைக் கண்டு மிரண்டன.

பாரிசில் உள்ள வால்-த-கிராஸ் ராணுவ ஆஸ்பத்திரியில் மோரெஸ்தேன் இவர்களுக்கு முகத்தைத் திருத்தி அமைத்தார். சூசானும் அங்கே வேலை செய்தார். அவர் டாக்டர் பட்டத்துக்கு உரிய கட்டுரையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. ஆனால் போர்க்காலம் என்பதால் சிகிச்சை செய்ய அனுமதி கிடைத்தது.

உடம்பில் ஓர் இடத்துத் தோலை இன்னோர் இடத்துக்குக் கொண்டுவரும் வித்தை இந்தியாவில் பழங்காலத்திலேயே இருந்தது. அறுபட்ட மூக்கை நெற்றித் தோலைக் கொண்டு திருத்தும் முறையை ஐரோப்பிய டாக்டர்கள் நம் நாட்டிலிருந்துதான் அறிந்துகொண்டார்கள். அந்த வித்தை இந்தப் போரில் பெரிதாக வளர்ந்தது.

முகம் என்பது வெறும் அழகுக்கு மட்டும் அல்ல; அது ஒரு மனிதன் நாலு பேர் நடுவில் நடமாடுவதற்கு வேண்டிய சீட்டு. இதை சூசான் அந்த ஆஸ்பத்திரியில் கண்ணால் கண்டார்.

அடுக்கடுக்காகத் துயரம்

போர் அவரையும் விடவில்லை.

கணவர் ஹென்றி பெர்த்தா போர்முனைக்குப் போனார். அங்கே விஷப்புகை தாக்கியது. 1918-ல் அவர் இறந்துபோனார். குரு மோரெஸ்தேன் 1919-ல் காலமானார்.

உடன் படித்த ஆந்திரே நோயெல் என்ற டாக்டரை சூசான் 1919-ல் மறுமணம் செய்துகொண்டார். சூசான் நோயெல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். இனியாவது நிம்மதி கிடைக்கும் என்று எண்ணினார்.

கிடைக்கவில்லை. 1922-ல் மகள் ஜாக்குலின் நோயுற்று இறந்துபோனாள். வயது 13 அல்லது 14 தான் இருக்கும். ஒரே மகள்!

அந்தத் துக்கத்தை ஆந்திரே நோயெலால் தாங்க முடியவில்லை. மனம் உடைந்து போனார். 1924-ல் ஒருநாள், மனைவியின் கண் முன்பாகவே சீன் ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

கணவர் இருவரும் போனார்கள். மகளும் போனாள். சூசானுக்கு அப்போது வயது 46.

முகத்தில் விழுந்த சுருக்கத்தை நீக்கலாம். நெஞ்சில் விழுந்த சுருக்கத்தை எந்தக் கத்தியால் நீக்குவது? அவர் வேலையிலே மூழ்கினார். 1925-ல் கட்டுரையை எழுதிக் கொடுத்து, டாக்டர் பட்டத்தை வாங்கினார். 1926-ல் அழகு ஆபரேஷனைப் பற்றியும், சமூகத்தில் அதற்கு உள்ள பங்கைப் பற்றியும் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள்

சீமாட்டிகளும் நடிகைகளும் மட்டும்தான் அவரிடம் வந்தார்கள் என்று நினைப்பது தவறு.

போரில் லட்சக்கணக்கான ஆண்கள் மாண்டுபோனதால், பல குடும்பங்களில் பெண்களே சம்பாதிக்க வேண்டி வந்தது. கடையில் துணி விற்றார்கள். ஆபீசில் வேலை பார்த்தார்கள். முகத்தில் வயது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு நீக்கினார். புதிய இடத்தில் வேலை கேட்டுப் போனால், முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கையில் திறமை இருந்தது. உடம்பில் வலு இருந்தது. முகம் மட்டும் காட்டிக்கொடுத்தது.

இப்படிப்பட்ட பெண்களின் கதைகளை சூசான் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பணம் இல்லாத ஏழைப் பெண்களுக்கு இலவசமாகவும் ஆபரேஷன் செய்தார். பணக்காரர்களிடம் வாங்கிய பணம் இதற்கு உதவியது.

வயதான பெண்ணுக்கு வேலை கொடுக்காத உலகம் தவறானது. அதை ஒரு டாக்டர் கத்தியால் திருத்த முடியாது. ஆனால் உலகம் திருந்தும் வரையில் அந்தப் பெண் பட்டினி கிடக்க வேண்டுமா? இதுதான் சூசான் கண்ட நியாயம்.

கண்ணாடிக்கு முன்னே

சூசானிடம் வந்த எவரையும் அவர் உடனே படுக்க வைத்துவிடமாட்டார்.

முதலில் உட்கார வைத்துப் பேசுவார். பிறகு கண்ணாடி முன்னே நிறுத்துவார். முகத்துத் தோலை இங்கும் அங்கும் கிள்ளிப் பிடித்து, ஆபரேஷனுக்குப் பிறகு முகம் எப்படி இருக்கும் என்று காட்டுவார். எவ்வளவு மாறும், எவ்வளவு மாறாது என்பது வந்தவருக்கே தெரிந்துவிடும்.

முகத்தை அளவு எடுப்பார். எங்கே எவ்வளவு வெட்டுவது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வார். கண் மதிப்பை மட்டும் நம்பமாட்டார்.

பிறகு போட்டோ எடுப்பார். ஆபரேஷன் ஆன பின்பும் போட்டோ எடுப்பார். காரணம் உண்டு. மனிதர்களுக்குத் தங்கள் பழைய முகம் சீக்கிரம் மறந்துபோகும். மாற்றம் ஒன்றும் இல்லையே என்று குறைப்படுவார்கள். இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரியும்.

நூறு ஆண்டு ஆன பின்பும் இந்த மூன்று பாடங்களும் மாறவில்லை. ஆபரேஷனை நினைப்பவர் முதலில் டாக்டரிடம் உட்கார்ந்து பேசவேண்டும். தமக்கு என்ன மாறவேண்டும் என்று சொல்லவேண்டும். எது மாறாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேச நேரம் இல்லை என்று சொல்லி, பணம் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

வீட்டிலேயே ஆபரேஷன்

சூசான் தம் வீட்டிலேயே ஆபரேஷன் செய்தார். முழு மயக்கம் கொடுப்பது இல்லை. வெட்டும் இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார். முடி ஓரத்திலும் காது ஓரத்திலும் சிறு சிறு துண்டுகளாகத் தோலை எடுத்துத் தைப்பார். நோயாளி அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். தையல் முடிக்குள் மறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடமாட்டார். சிறிது செய்வார்; ஆற விடுவார்; தேவையானால் மறுபடி செய்வார். அவசரம் அவருக்குப் பிடிக்காது.

அந்த முறையில் ஒரு குறை இருந்தது. தோலை மட்டும் இழுத்துத் தைத்தால், தோல் மறுபடியும் தளர்ந்துவிடும். பலன் வெகு நாள் நிற்காது.

பிற்கால டாக்டர்கள் இதற்கு வழி கண்டார்கள். தோலுக்கு அடியிலே, தசையோடு சேர்ந்த ஒரு படலம் இருக்கிறது. 1976-ல் பாரிஸ் டாக்டர்கள் இருவர் அந்தப் படலத்தை விவரித்து எழுதினார்கள். இப்போது அதையும் சேர்த்துத் தூக்கித் தைக்கிறார்கள். அதனால் பலன் பல ஆண்டுகள் நிற்கிறது. ஆனால் எந்த ஆபரேஷனும் வயதை நிறுத்திவிடாது. ஆபரேஷன் செய்த முகமும் நாளுக்கு நாள் மூப்பு அடைந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் கொள்ளவேண்டும். இது கன்னம், தாடை, கழுத்து ஆகியவற்றின் தொய்வைத்தான் நீக்கும். நெற்றிக் கோடுகள், கண் இமைத் தொய்வு, தோலில் உள்ள மெல்லிய சுருக்கங்கள், வெயிலில் வந்த கரும்புள்ளிகள் இவற்றுக்கு வேறு சிகிச்சைகள் வேண்டும்.

பாரிசை உலுக்கிய வழக்கு

ஓட்டுரிமையைப் போலவே, அழகு ஆபரேஷனும் அந்தக் காலத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதற்கு ஒரு வழக்கு காரணம்.

1928-ம் ஆண்டில் பாரிசில் ஓர் இளம்பெண் வேறு ஒரு டாக்டரிடம் போனாள். தன் கால்கள் பருமனாக இருப்பதாகவும், அவற்றை மெலிய வைக்க வேண்டும் என்றும் கேட்டாள். டாக்டர் ஆபரேஷன் செய்தார். கால் அழுகிவிட்டது. கடைசியில் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று!

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 1929-ல் டாக்டருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. அழகு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் எல்லோரும் கலங்கிப் போனார்கள்.

நோயாளிக்கு ஆபரேஷனில் ஆபத்து வந்தால், செய்யாவிட்டாலும் ஆபத்துதான் என்று ஆறுதல் அடையலாம். நல்ல உடம்புடன் வந்தவருக்கு ஆபத்து வந்தால் என்ன ஆறுதல் இருக்கிறது? ஆகவே அழகு ஆபரேஷனுக்கு மற்ற ஆபரேஷன்களைவிட அதிக எச்சரிக்கை வேண்டும்.

பேஸ்-லிப்டிலும் ஆபத்து உண்டு. அதிகமாக வருவது இரத்தக்கட்டு. தோலுக்கு அடியில் இரத்தம் சேர்ந்துவிடும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். திடீரென்று ஒரு பக்கம் வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் இது சற்று அதிகம்.

காது மரத்துப் போகலாம். முகத்தை அசைக்கும் நரம்பில் அடி பட்டால் வாயோ புருவமோ ஒரு பக்கம் அசையாமல் போகலாம். இது அபூர்வம். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் நிலைத்துவிடுகிறது. சீழ் பிடிப்பதும் உண்டு.

புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. காது ஓரத்துத் தோல் கறுத்து அழுகிப்போகலாம். ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பும், 4 வாரம் பின்பும் பீடி, சிகரெட்டைத் தொடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆஸ்பிரின் போன்ற, இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லவேண்டும். அந்த மருந்தைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. மருந்து கொடுத்த டாக்டரின் யோசனைப்படியே நடக்கவேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கறுத்த மேனியில் காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளர்வது அதிகம். முன்பு எப்போதாவது காது குத்திய இடமோ, வெட்டுக்காயமோ அப்படித் தடித்திருந்தால், டாக்டரிடம் முதலிலேயே காட்டவேண்டும்.

ஆபரேஷன் ஆன பிறகு வீக்கமும் கன்றிப் போன நிறமும் இரண்டு வாரம் போல இருக்கும். முகம் முழுவதும் சரியாகப் பல மாதம் பிடிக்கும். அடுத்த வாரம் மகள் கல்யாணம் என்று இன்று போய்ப் படுப்பது ஆகாது.

செய்பவர் யார் என்பதும் முக்கியம். இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று கேட்கவேண்டும். அவசர சிகிச்சைக்கு வசதி உள்ள ஆஸ்பத்திரியா என்றும் பார்க்கவேண்டும். கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

தொப்பியில் கட்டிய நாடா

கத்தியைப் பிடித்த அதே கையால் சூசான் கொடியையும் பிடித்தார்.

பிரான்சில் அப்போது பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுரிமை வேண்டும் என்று எழுதிய நாடாவைத் தொப்பியில் கட்டிக்கொண்டு அவர் பாரிஸ் தெருக்களில் நடந்தார். ஓட்டு கொடுக்காத அரசாங்கத்துக்குப் பெண்கள் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்றும் கேட்டார்.

அமெரிக்காவில் 1921-ல் சொராப்டிமிஸ்ட் என்ற பெண்கள் சங்கம் தோன்றியது. தொழில் செய்யும் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் உதவிக்கொள்ளும் சங்கம் அது. அதன் கிளையை 1924-ல் பாரிசில் சூசான் தொடங்கினார். கணவரை இழந்ததும் அதே ஆண்டில்தான்! பிறகு நாடு நாடாகப் பயணம் செய்து ஐரோப்பாவின் பல நகரங்களில் கிளைகளை அமைத்தார். 1930-ல் ஐரோப்பியச் சங்கத்தின் முதல் தலைவி ஆனார்.

1928-ல் பிரெஞ்சு அரசாங்கம் லெஜியன் ஆப் ஹானர் என்ற உயர்ந்த விருதை அவருக்கு அளித்தது.

பெண்களுக்கு ஓட்டுரிமை 1944-ல் கிடைத்தது. 1945-ல் பிரெஞ்சுப் பெண்கள் முதன் முதலாக ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். அப்போது சூசானுக்கு வயது 67.

உயிர் காத்த கத்தி

இடையில் இன்னொரு போர் வந்துபோனது.

1940-ல் ஹிட்லர் படை பாரிசுக்குள் புகுந்தது. யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். எதிர்த்தவர்களையும் பிடித்தார்கள். பிடிபட்டவர்களைச் சித்திரவதை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

அப்போது சூசானுக்கு 62 வயது. வீட்டில் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. தேடப்பட்டவர்களின் முகச்சாயலை ஆபரேஷன் செய்து மாற்றிக் கொடுத்தார். அகப்பட்டிருந்தால் அவருடைய தலையும் போயிருக்கும்!

போர் முடிந்தது. முகாம்களிலிருந்து சிலர் உயிரோடு திரும்பினார்கள். அவர்கள் உடம்பில் சித்திரவதையின் வடுக்கள் இருந்தன. அந்த வடுக்களையும் சூசான் நீக்கினார்.

இளமையைத் தேடி வந்தவர்களுக்கு உதவிய கத்தி, உயிரைத் தேடி வந்தவர்களுக்கும் உதவியது.

அவர் விட்டுச் சென்றது

1954-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந்தேதி டாக்டர் சூசான் நோயெல் காலமானார். அவருக்கு வயது 76.

அவர் பெயரால் ஐரோப்பாவின் சொராப்டிமிஸ்ட் சங்கம், பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கும் பெண் டாக்டர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. 2018-ல் பிரெஞ்சுத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.

அவரிடம் வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருத்திக்கு வேலை வேண்டும். ஒருத்திக்கு மேடை ஏற வேண்டும். ஒருத்திக்குக் கண்ணாடியைப் பார்த்தால் மனம் நோகாமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் ஆபரேஷனால் நடக்கக் கூடியவை.

கணவனின் மனம் மாறவேண்டும், ஊரார் பேச்சு நிற்கவேண்டும், போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்றால் அது எந்தக் கத்தியாலும் நடக்காது. கணவர் இருவரையும் ஒரே மகளையும் இழந்த சூசானுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே முகத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்காகச் செய்கிறேனா, பிறர் சொன்னதற்காகச் செய்கிறேனா? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரையில் காத்திருக்கலாம். சுருக்கம் எங்கும் ஓடிவிடாது.

பதில் கிடைத்தவர்கள் நல்ல டாக்டரைத் தேடிப் போகலாம். வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகளும், பிள்ளைகளை வளர்த்து விழுந்த கோடுகளும் வெட்கப்பட வேண்டியவை அல்ல.